ஒரு சொல்லைத் தேட எந்த அகராதி?

திருக்குறளில் 1274ஆம் குறளில் ஒரு மொட்டு வருகிறது. காதலி சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறாள். மொட்டுக்குள் நாற்றம் இருப்பதுபோல அந்த அடக்கிய சிரிப்புக்குள்ளும் ஏதோ ஒன்று இருக்கிறது என்கிறார் வள்ளுவர். இதை முதல்முறை படிக்கிற பிள்ளை முகத்தைச் சுளிக்கும். பூவுக்குள் நாற்றமா? காதலியின் சிரிப்பை யாராவது நாற்றத்தோடு ஒப்பிடுவார்களா?

அந்தப் பிள்ளைக்கு அகராதி தேவை. ஆனால் எந்த அகராதி என்பதில்தான் பலரும் தடுமாறுகிறோம். 'ஒரு நல்ல அகராதி சொல்லுங்கள்' என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, சொல்லைப் பற்றி என்ன தெரிய வேண்டும் என்பதைத்தான். இன்று அதற்கு என்ன பொருள்? அன்று என்ன பொருள்? அதே பொருளுக்கு வேறு சொற்கள் உண்டா? அது எங்கிருந்து வந்தது? இவை நான்கும் தனித்தனிக் கேள்விகள். நான்குக்கும் ஒரே புத்தகத்தில் நல்ல பதில் கிடையாது. 'நாற்றம்' என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் அகராதியாகப் போய்ப் பார்த்தால் எது எதற்கு உதவும் என்பது தெரிந்துவிடும்.

கைப்பேசியில் இருக்கும் மொழிபெயர்ப்புச் செயலியை முதலில் சொல்லி முடித்துவிடலாம். பொது இடத்தில் ஒட்டியிருக்கும் அறிவிப்பு புரியவில்லை, அவசரமாக ஒரு பொருள் வேண்டும் என்றால் அது போதும். சொல்லை அதற்குரிய சூழலோடு புரிந்துகொள்ள அது போதாது. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் இன்னும் அழகான வாக்கியத்தில் பதில் வரும். பொருளைப் பொறுத்தவரை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சொல்லின் பிறப்பைக் கேட்டால் மட்டும், அது தருகிற விளக்கத்தை வேறோர் இடத்தில் சரிபார்க்காமல் எடுத்து எழுதாதீர்கள். இல்லாத வேர்ச்சொல்லைக்கூட அது அதே உறுதியோடு சொல்லும்.

இன்றைய தமிழில் எழுதுகிறவருக்கு என் முதல் பரிந்துரை க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. 1992இல் முதல் பதிப்பு, 2008இல் இரண்டாவது, 2020இல் மூன்றாவது. இதன் பலம் எடுத்துக்காட்டு வாக்கியங்கள். சொல்லுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள் தருவதோடு நிற்காமல், இன்று அந்தச் சொல் எந்த மாதிரி வாக்கியத்தில் புழங்குகிறது என்றும் காட்டும். இலங்கைத் தமிழ் வழக்குகளுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். அப்புறம், பெயர்ச்சொல்லா வினையா, எந்த வேற்றுமை உருபோடு வரும் என்பது போன்ற சின்னச் சின்ன விஷயங்கள் திருத்துகிற வேலையில் இருப்பவருக்குப் பெரிய உதவி. 'அவரைச் சந்தித்தேன்' என்று எழுதத் தயக்கமில்லை. 'அவரைச் சம்மதித்தேன்' என்று ஒருவர் எழுதிவிட்டால், அது ஏன் தவறு என்று எடுத்துக் காட்ட இப்படி ஒரு புத்தகம் வேண்டும்.

ஆனால் மொட்டுக்குள் இருக்கும் நாற்றத்துக்கு இது சரியான இடமில்லை. தற்காலத் தமிழ் என்று பெயரிலேயே எல்லையைச் சொல்லிவிட்டது. சொல் எங்கிருந்து வந்தது என்பதும் இதில் இருக்காது. அது குறையல்ல. அந்த வேலையை அவர்கள் எடுத்துக்கொள்ளவே இல்லை.

பழைய இலக்கியத்துக்கு என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன்தான். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. பிறகு 1939இல் ஓர் இணைப்புத் தொகுதி. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். சாண்ட்லர் தொடங்கிவைத்த வேலையை எஸ். வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து முடித்தார். இன்றைக்கும் நான் அதிகம் புரட்டுவது இதைத்தான்.

லெக்சிகனைப் படிக்கவும் ஒரு பழக்கம் வேண்டும். தலைச்சொல்லுக்குப் பக்கத்தில் அது எந்த வினையிலிருந்து வந்தது என்ற குறிப்பு இருக்கும். 'நாற்றம்' என்றால் 'நாறு' என்ற வினையைக் காட்டும். பகர அடைப்புக்குள் தெலுங்கு, கன்னடம், மலையாளம் என்று உறவு மொழிகளின் வடிவங்கள் சுருக்கெழுத்தில் இருக்கும். அதற்குப் பிறகு ஆங்கிலத்தில் பொருள், தமிழில் பொருள், அந்தப் பொருளில் சொல் வந்திருக்கும் இலக்கிய இடம். இந்தக் கடைசிக் குறிப்புதான் பொன். 'மணம்' என்று பொருள் சொன்னால் நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். எந்தப் பாட்டில் அந்தப் பொருளில் வந்தது என்று இடம் சுட்டினால் நாமே போய்ப் பார்த்துவிடலாம். நறுமணம், கெட்ட வாசனை இரண்டையும் ஒரே தலைச்சொல்லின் கீழ் பார்க்கும்போதுதான் அந்தப் பிள்ளையின் குழப்பம் தீரும். ஒரு காலத்தில் 'நாறு' என்பதற்கு வாசனை வீசு என்பதுதான் பொருள். நல்லதா கெட்டதா என்பதைச் சொல் சொல்லவில்லை. கருப்பூரம் நாறுமோ, கமலப்பூ நாறுமோ என்று ஆண்டாள் சங்கைக் கேட்டதும் அந்தப் பொருளில்தான்.

லெக்சிகனின் குறைகளையும் சொல்ல வேண்டும். அது வந்து தொண்ணூறு ஆண்டுகள் ஆகின்றன. இன்று நாம் புழங்கும் பல சொற்கள் அதில் இல்லை, இருந்தாலும் இன்றைய பொருள் இல்லை. அதன் ஆங்கில விளக்கங்கள் சில இடங்களில் அந்தக் காலத்து ஆங்கிலம். பல சொற்களுக்கு வடமொழி மூலம் காட்டியதை தேவநேயப் பாவாணர் மிகக் கடுமையாகக் கண்டித்தார். அவர் கேட்ட கேள்விகள் சிலவற்றில் நியாயம் இருக்கிறது. ஆகவே லெக்சிகன் காட்டும் இலக்கியச் சான்றுகளை முழுதாக நம்பலாம், சொற்பிறப்புக் குறிப்புகளை ஒரு தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் முடிவு.

இதற்கும் முந்திய ஃபப்ரிசியஸ் (1779), வின்சுலோ (1862) அகராதிகள் இன்னமும் பயன்படுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு உரைநடையோ கடிதமோ படிக்கிறீர்கள் என்றால் வின்சுலோவில் கிடைக்கும் பொருள் லெக்சிகனைவிடப் பொருந்தும் இடங்கள் உண்டு. மற்றவர்களுக்கு அவசியமில்லை. லெக்சிகனோடு சேர்த்து இவை இரண்டையும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளத்தில் இலவசமாகவே தேடலாம்.

மூன்றாவது கேள்வி, ஒத்த சொற்கள். இங்கே தமிழுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. அகரவரிசை அகராதிகள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே திவாகரம், பிங்கலம், சூடாமணி என்று நிகண்டுகள் ஒத்த சொற்களைச் செய்யுளில் கட்டிவைத்துவிட்டன. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர் என்று பொருள்வாரியாகப் பிரித்து, ஒரு பொருளுக்கு எத்தனை பெயர் என்று மனப்பாடம் செய்ய வைத்தார்கள். 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியில் பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்காகப் பிரித்து அகரவரிசைக்குக் கொண்டுவந்தார். பொருளகராதி என்ற பகுதியில் பொருளைத் தேடினால் அதற்கான சொற்கள் வரும். தொடையகராதி, எதுகைக்குச் சொல் தேடும் கவிஞருக்காகவே செய்தது.

மரபுக் கவிதை எழுதுகிறவருக்கு நிகண்டுக்கு ஈடு இல்லை. மணத்துக்கு விரை, வெறி, கடி, நறை, முருகு, கந்தம் என்று அள்ளிக் கொடுக்கும். அசைக்கு ஏற்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம்.

உரைநடை எழுதுகிறவர் இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். நிகண்டு சொற்களை ஒன்றுசேர்க்கும், வேறுபடுத்தாது. நமக்கு வேண்டியதோ வேறுபாடு. மிளகாய் வறுக்கும்போது மூக்கில் ஏறுவது நெடி. மீன் அலசிய கையில் இருப்பது கவிச்சி. மூடிக் கிடந்த அறையைத் திறந்ததும் வருவதை வாடை என்போம், வீச்சம் என்போம். பூவில் இருப்பது வாசம் அல்லது மணம். இவற்றில் ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைத்தால் வாக்கியம் கெட்டுவிடும். ஒத்த சொல் பட்டியல் எதைப் பயன்படுத்தினாலும், கிடைத்த சொல்லை அப்படியே எடுத்து எழுதாமல், க்ரியாவில் அதன் எடுத்துக்காட்டு வாக்கியத்தைப் பார்த்துவிட்டு எழுதுவது நல்லது. இரண்டு நிமிட வேலைதான்.

'வாசனை' என்ற சொல்லையே பாருங்கள். வடமொழியிலிருந்து வந்தது. முன்னனுபவம் மனத்தில் விட்டுச்செல்லும் தடத்துக்கும் அங்கே அதே பெயர். தமிழிலும் அந்தப் பொருள் மறையவில்லை. 'பூர்வ ஜென்ம வாசனை' என்கிறோம். 'எழுத்து வாசனையே இல்லாதவர்' என்கிறோம். இந்த இரண்டாவது தொடரில் 'மணம்' என்று மாற்றிப் போட முடியுமா? ஒத்த சொல் என்பது எவ்வளவு தூரம் ஒத்தது என்பதற்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

சரி, சொல்லின் பிறப்புக்கு வருவோம். ஆர்வமும் கோபமும் பொய்யும் ஒன்றாகக் கலந்து கிடக்கும் இடம் இதுதான். அதனால் இங்கே சற்று நின்று பேச வேண்டும்.

டி.இ.டி.ஆர். என்று சுருக்கமாகச் சொல்லும் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியை பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்டார்கள். திருத்திய இரண்டாம் பதிப்பு 1984இல் வந்தது. இருபதுக்கும் மேற்பட்ட திராவிட மொழிகளின் சொற்களை, உறவுடையவற்றை ஒரே எண்ணின் கீழ்த் திரட்டியிருக்கிறார்கள். 1159ஆம் எண்ணைத் திறந்தால் 'கண்'. கன்னடத்தில் கண், தெலுங்கில் கன்னு, குடுக்கு மொழியிலும் பலுசிஸ்தானத்துப் பிராகுயி மொழியிலும் ககரம் மட்டும் தொண்டையில் உரசும் ஒலியாகி 'ஃகன்'. ஒரே பத்தியில் குமரி முதல் பலுசிஸ்தானம் வரை ஒரு சொல் கண் விழித்துப் பார்க்கிறது. முதல் தடவை அதைப் படித்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது, சொற்கள் ரோமன் எழுத்தில், மேலே கீழே புள்ளிகளோடு. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வரிசை நம் எழுத்து வரிசையை ஒட்டியே போகிறது. ஒரு குழுவில் தமிழ்ச் சொல் இருந்தால் அதுதான் முதலில் நிற்கும். அதனால் மற்றவர்களைவிடத் தமிழ் வாசகருக்கு இது எளிது.

'நாறு' குழுவை இதில் பார்த்தால் ஒன்று புரியும். மலையாளத்திலும் கன்னடத்திலும் அந்தச் சொல் இருக்கிறது. இன்றைய மலையாளி 'நாற்றம்' என்றால் துர்நாற்றம்தான், இன்றைய கன்னடத்து 'நாத'வும் அப்படியே. மூன்று மொழியிலும் ஒரே பக்கம் சரிந்திருக்கிறது. இது நம் குடும்பத்துக்கு மட்டுமான கதையும் அல்ல. ஆங்கிலத்தில் துர்நாற்றம் வீசுவதற்கு 'ஸ்டிங்க்' என்று ஒரு சொல் இருக்கிறது இல்லையா? பழைய ஆங்கிலத்தில் அதன் மூதாதையான 'ஸ்டின்கன்' எந்த வாசனைக்கும் பொது. இனிய மணம் வீசுவதற்கும் அதையே சொன்னார்கள். அந்தச் சொல்லும் நம் சொல்லும் உறவினர் இல்லை. ஆனாலும் இரண்டும் நடந்த வழி ஒன்றே. இந்தத் தகவலுக்கு ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய ஆங்கில அகராதியைத்தான் பார்க்க வேண்டும். 1928இல் முதல் பதிப்பு முடிந்த அந்த அகராதி ஒரு சொல்லின் பொருள்களைக் காலவரிசையில் அடுக்கும், ஆண்டோடு சான்றும் தரும். ஒரே ஓர் எச்சரிக்கை. முதலில் நிற்கும் பொருள் மிகப் பழைய பொருள். அதையே இன்றைய பொருள் என்று எடுத்துக்கொண்டு ஏமாறுகிறவர்கள் உண்டு.

டி.இ.டி.ஆர். என்ன செய்யாது? வடமொழியிலிருந்தோ போர்த்துகீசிலிருந்தோ வந்த சொல்லை அதில் தேடினால் கிடைக்காது. 'வாசனை' இல்லை, 'சாவி' இல்லை. இந்தோ-ஆரிய மொழிகளிலிருந்து திராவிட மொழிகள் வாங்கிய சொற்களுக்கு அதே இருவர் 1962இல் தனியாக ஒரு தொகுப்பு போட்டார்கள். இன்னொன்று, உறவுச் சொற்களை அடுக்கிவிட்டு அவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். மூல வடிவம் இதுதான் என்று கட்டிச் சொல்வதில்லை. சிலருக்கு இது ஏமாற்றம். எனக்கு அந்த அடக்கம் பிடிக்கும்.

பாவாணரின் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் பேரகரமுதலி இதற்கு நேர் எதிர். 1974இல் தமிழக அரசு தொடங்கிய திட்டம். அவர் 1981இல் மறைந்தார், முதல் தொகுதி 1985இல் வந்தது, பிறகு பல தொகுதிகளாக வளர்ந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் வேர், அடி, வளர்ந்த விதம் என்று விரித்துக்கொண்டே போகும். உழவு, நெசவு, கடல் தொழில் என்று மக்கள் வழக்கிலிருந்து சேர்த்த சொற்கள் இதில் ஏராளம். அதற்காகவே இந்தத் தொகுதிகளை மதிக்கிறேன். ஆனால் உலக மொழிகளின் சொற்களுக்கும் தமிழே வேர் என்று அவர் காட்டும் பல முடிவுகளை ஒப்பீட்டு மொழியியலார் ஏற்பதில்லை. அவர்கள் ஏன் ஏற்பதில்லை என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு சொன்னால்தான் நியாயம்.

தமிழில் 'ஒன்று'. ஆங்கிலத்தில் 'ஒன்'. எவ்வளவு பொருத்தம்! பல மேடைகளில் இதைக் கேட்டிருப்பீர்கள். ஆனால் ஆங்கிலச் சொல்லின் தொடக்கத்தில் இப்போது கேட்கும் வகர ஒலி பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது. பழைய ஆங்கிலத்தில் அது 'ஆன்'. 'ஒன்லி', 'அலோன்' என்ற சொற்களுக்குள் அதே 'ஒன்'தான் இருக்கிறது, அங்கே வகரம் ஏறவில்லை. ஜெர்மனில் அது 'ஐன்ஸ்', லத்தீனில் 'ஊனுஸ்'. நம் பக்கம் 'ஒன்று' என்பதைக் கன்னடத்து 'ஒந்து', மலையாளத்து 'ஒன்னு', நம்முடைய 'ஒரு', 'ஓர்' ஆகியவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் பின்னோக்கிப் போகப் போக ஒலி நெருங்குவதற்குப் பதிலாக விலகுகிறது. உறவு இருந்தால் நெருங்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் பழங்குடி மொழியான ம்பபரத்தில் நாய்க்கு 'டாக்' என்றே பெயர், ஆங்கிலத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல். இன்றைய ஒலியை மட்டும் வைத்து உறவு கொண்டாட முடியாது.

இதைச் சொன்னால், தமிழிலிருந்து எதுவுமே வெளியே போகவில்லையா என்று சிலர் வருந்துவார்கள். போயிருக்கிறது, தடயத்தோடு. இஞ்சிவேரின் கதையைக் கேளுங்கள். வடமொழியில் 'ஸ்ருங்கவேர', கொம்பு வடிவ உடல் கொண்டது என்று பழைய விளக்கம். பாலியில் 'சிங்கிவேர'. கிரேக்கத்தில் 'ஸிங்கிபெரிஸ்', லத்தீன் வழியாக ஆங்கிலத்தில் 'ஜிஞ்சர்'. கொம்பு என்ற விளக்கம் பின்னால் கற்பித்தது, மூலம் திராவிடச் சொல்லான இஞ்சியும் வேரும்தான் என்பதை இன்று அறிஞர்கள் பரவலாக ஏற்கிறார்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு மொழி, ஒரு காலம், ஒரு வடிவம் என்று வழி தெரிகிறது. கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணியும் இப்படித்தான் ஆங்கிலம் ஏறின. இத்தகைய சொற்களுக்கு 1886இல் யூலும் பர்னலும் தொகுத்த ஹாப்சன்-ஜாப்சன் சுவையான புத்தகம். அதன் விளக்கங்கள் சிலவற்றைப் பிற்கால ஆய்வு திருத்திவிட்டது, அதனால் ஆக்ஸ்ஃபோர்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

எதிர்த் திசையில் வந்தவையும் அதே அளவு தெளிவு. சன்னல், மேசை, அலமாரி, பாதிரி எல்லாம் போர்த்துகீசு. 'சாவி'யும் அப்படியே. இன்றைய போர்த்துகீசியர் அதை 'ஷாவெ' என்பார்கள். பிறகு நமக்கு ஏன் ஷகரம் இல்லாமல் 'சாவி'? பதினாறாம் நூற்றாண்டில் அவர்கள் உச்சரிப்பில் அங்கே அழுத்தமான 'ச்ச' ஒலி இருந்தது. அவர்கள் பின்னால் மாற்றிக்கொண்டார்கள். கப்பலில் வந்த பழைய ஒலி நம்மிடம் தங்கிவிட்டது.

இப்படிப் பல மொழிகளைத் தாண்டிப் போகும் சொல்லுக்கு, பக்கம் பக்கமாக இணைப்பு பிடித்துப் போக ஆங்கில விக்சனரி வசதியானது. 'அவசரம்' என்ற சொல்லை அதில் தொடர்ந்து பாருங்கள். வடமொழியில் தருணம், வாய்ப்பு. இந்தியிலும் மலையாளத்திலும் வாய்ப்பு. தெலுங்கில் தேவை. தமிழில் மட்டுமல்ல, கன்னடத்திலும் பரபரப்பு. ஒரு தெலுங்குக்காரர் 'அவசரம் லேது' என்றால் தேவையில்லை என்கிறார், மெதுவாக வாருங்கள் என்று சொல்லவில்லை. இப்படி ஒரு சொல்லின் கிளைகளை ஒரே இடத்தில் காட்ட அச்சு அகராதிகளால் முடிவதில்லை. ஆனால் விக்சனரி யார் வேண்டுமானாலும் எழுதும் இடம். சொற்பிறப்புப் பகுதியில் எண்ணோடு டி.இ.டி.ஆர். மேற்கோள் இருந்தால் நம்பிப் போகலாம். சான்றே இல்லாமல் ஒரு வரி இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஆக, எதைத் தேர்ந்தெடுப்பது? அன்றாடம் எழுதுகிறவர், ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர் என்றால் க்ரியா மேசையில் இருக்கட்டும், லெக்சிகனின் தேடல் பக்கம் கணினியில் திறந்தே இருக்கட்டும். இந்த இரண்டும் இல்லாமல் என் ஒரு நாள் வேலை ஓடாது. சொற்பிறப்பில் ஆர்வம் என்றால் லெக்சிகனில் தொடங்கி டி.இ.டி.ஆருக்குப் போங்கள், இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் மட்டும் மற்றவற்றைத் தேடுங்கள். மரபுக் கவிஞருக்கு நிகண்டும் சதுரகராதியும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் கிடைக்கின்றன. பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு ஒன்றே ஒன்று வாங்கிக் கொடுக்க வேண்டுமென்றால் யோசிக்காமல் க்ரியாவை வாங்கிக் கொடுங்கள். அந்த 1274ஆம் குறள் வரும் நாளில் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, 'நாறு' என்ற பக்கத்தை லெக்சிகனில் சேர்ந்து திறந்து பாருங்கள்.